ஏழாவது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை.

போனில் பேசினால் நான் 'ம்' மட்டும் சொல்கிறேன் என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். நான் மூன்று எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து வந்தது ஒன்று. அதிலும் பாதிப் பக்கத்துக்கு நீ தங்கியிருந்த ஓட்டலின் படம்.

சலவைக் கடையில் எல்லாம் அப்படியேதான். பெரிய மெஷின் தடியன் உறுமிக்கொண்டு சுற்றுகிறான். பக்கத்து மெஷின் சோம்பேறி இன்னமும் ஒரு அடி பின்னால்தான். நீ வைத்த பெயர்களைச் சொல்லித்தான் கடைக்கார அக்காவும் இப்போது கூப்பிடுகிறார். "சோம்பேறியில பெட்ஷீட்டப் போடு" என்று அவர் கத்தும்போது, வந்திருக்கும் ஆட்கள் என்னைத்தான் சோம்பேறி என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் அக்காவின் போனில் உன் டி.ஜே. நிகழ்ச்சி வீடியோ பார்த்தோம். அப்பா பஸ் டியூட்டி முடித்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார். எத்தனை பேர் அண்ணா! மேடைக்கு இரண்டு பக்கமும் நெருப்பு, மேலேயிருந்து காகிதப் பூக்கள். அம்மா அழுதாள். அப்பா மட்டும், "இம்புட்டு கூட்டத்த வெச்சுக்கிட்டு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டானே, அப்ப ஸ்டியரிங்க யாரு பிடிக்கிறது?" என்றார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஒரு விஷயம். உன் ஹெட்ஃபோன் ஒயர் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை. கழன்று விழுந்துவிட்டதா? வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

உன்
பூனை

மார்ச் 21

அருமைப் பூனைக்குட்டிக்கு,

அவ்வளவு பேர் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டுவிட்டது. சத்தமில்லாமல் நடக்கிறாய் என்று உனக்குப் பூனை என்று பெயர் வைத்தேன். பார்வைக்கும் அது பொருந்துகிறது.

ஒயர் கழன்று விழவில்லை. நான்தான் செருகவில்லை. செருகினாலும் கேட்க ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கான பாட்டு முழுவதும் முன்கூட்டியே தயார் செய்து ஒரு பென் டிரைவில் வந்துவிடும். நெருப்பு விடுகிறவர், லைட் போடுகிறவர், காகிதம் கொட்டுகிறவர் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறார்கள். நான் ஒரு பாட்டை அரை நிமிடம் நீட்டினால் நெருப்பு தவறான நேரத்தில் வந்து என் புருவத்தைப் பொசுக்கும். அப்பாவிடம் சொல், ஸ்டியரிங் மேனேஜர் கையில் இருக்கிறது.

முதல் நாள் நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். மேனேஜர் தோளில் கை போட்டார். "தம்பி, ஜனங்க இப்பல்லாம் கேக்க வரல, பாக்க வர்றாங்க. கைய மேல வை, சிரி. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்." அன்றைக்கு வைத்த கை.

இப்போது நல்ல செய்தி. தடியன், சோம்பேறி சத்தத்தை நீ பதிவு செய்து தர, அதற்கு அடியில் நான் தாளம் வைத்து ஒன்று செய்தோமே, நம் 'ஏழாவது நிமிடம்', அதை மேனேஜருக்குப் போட்டுக் காட்டினேன். பிடித்துவிட்டது! அவருடைய கம்பெனியில் பெரிதாக வெளியிடப் போகிறார்கள். மூன்று நிமிடமாகச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பதிவு உன்னுடையது என்பதால் உன் கையெழுத்து வேண்டும். போன மாதம்தான் உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே, நீ போட்டால் செல்லும். ஒப்பந்தக் காகிதம் உள்ளே இருக்கிறது. புதுப் பாட்டின் இணைப்பை அக்கா போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இது ஓடிவிட்டால் அடுத்து நான் கேட்பதை அவர்கள் கேட்பார்கள். அப்போது நான் நினைத்ததைப் போடுவேன்.

அன்புடன்
அண்ணன்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

காகிதம் வந்தது. பாட்டையும் கேட்டேன். ஒரு தடவை அக்காவோடு, அப்புறம் தனியாக, மெஷின்களுக்குப் பின்னால் போய்.

அக்கா தலையாட்டிக்கொண்டே, "நல்லா துள்ளுதுடி!" என்றார். ஆமாம், துள்ளுகிறது. ஆனால் அதில் தடியனும் சோம்பேறியும் முதல் அடியிலிருந்து கடைசி வரை சேர்ந்தே அடிக்கிறார்கள். பிரியவே இல்லை. பிரியாதவர்கள் எப்படி அண்ணா சேர முடியும்?

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள், எனக்குக் குரல் வரவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கை முடியாமல் போனதும் அதையே சாக்காக வைத்து நான் பள்ளியை விட்டுவிட்டேன். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மெஷின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ வந்தாய். எழுந்திரு என்று சொல்லவில்லை. "அழு, ஆனா கேட்டுக்கிட்டே அழு" என்றாய்.

தடியன் முன்னால் ஓடினான். சோம்பேறி பின்தங்கினான். இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, காது கூசும்படி, எத்தனையோ நேரம். நீ விரல் விட்டு நிமிடம் எண்ணினாய். ஏழாவது விரலில் இரண்டும் ஒரே அடியாக விழுந்தன. நீ "இப்போ!" என்றாய். பத்துப் பன்னிரண்டு அடிகள்தான். மறுபடி பிரிந்துவிட்டன. நான் அழுகையை நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகுதானே நீ அந்தப் பழைய ஹெட்ஃபோனை வாங்கினாய். ஒரு பக்கம் உன் காதில், மறுபக்கத்தை வெளியே திருப்பி என் காதுக்கு. இப்போதும் ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை நான் கையில் இருக்கும் துணியை அப்படியே வைத்துவிட்டு நிற்கிறேன். நீயும் எங்கோ நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, எங்கேயாவது, ஏழு நிமிடத்தையும் முழுசாகப் போடுவாயா? ஒயரைச் செருகி?

உன்
பூனை

ஏப்ரல் 24

பூனைக்கு,

ஏழு நிமிடம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். நாலாவது நிமிடத்திலேயே போனை எடுத்துவிடுவார்கள். நீ காலியான நடனத் தளத்தைப் பார்த்ததில்லை. நான் இரண்டு வருடம் பார்த்தேன். எனக்குப் பிடித்ததையெல்லாம் போட்டேன். வாசல் காவலாளியும் தரை துடைக்கிற அம்மாவும் கேட்டார்கள். அந்த அம்மா, "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா தொடச்சிட்டுப் போயிருவேன்" என்றார்.

துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் உனக்கு எப்படிப் புரியும்.

(மேலே இருக்கும் வரியை அடித்துவிட்டேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய் என்று தெரியும். படிக்காதே.)

ஓட்டல் அறைகளில் ஏசி ஓடுகிறது. குட்டி ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அவை இரண்டும் எப்போதாவது சேர்கின்றனவா என்று பார்க்கப் படுத்துக்கொண்டே கேட்பேன். முன்பெல்லாம் கேட்கும். இப்போது வெறும் இரைச்சல்தான். ஏன் என்று தெரியவில்லை.

காகிதத்தை அனுப்பு. மேனேஜர் தினமும் கேட்கிறார்.

அண்ணன்

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்தேன். பரவாயில்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று இடத்தில். நீ கேட்டாய் என்பதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

திங்கட்கிழமை சோம்பேறி நின்றுவிட்டான். மெக்கானிக் வந்து முதுகைக் கழற்றிப் பார்த்தார். "பெல்ட் தொளதொளன்னு கெடக்கு. இத்தன வருஷமா எப்படித்தான் ஓடுச்சோ! புதுசு போட்டா ரெண்டும் ஒரே மாதிரி ஜம்முனு ஓடும்" என்றார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. நாம் கேட்டதெல்லாம் அந்தத் தளர்ந்த பெல்ட்டின் வேலைதான், அண்ணா. பழுதைத்தான் நாம் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மாற்றுகிறார். அதுவரை ஓட்டலாம் என்று பழையதை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நேற்று முழுச் சலவையையும் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம். அக்காவிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். பேசவில்லை, ஆனால் முதல் சேர்க்கைக்குக் கொஞ்சம் முன்னால் தும்மிவிட்டார். மறுபடி பதிவு செய்யலாமா என்றார். வேண்டாம் என்றேன்.

பென் டிரைவ் இந்த உறையிலேயே இருக்கிறது. இதற்கு எந்தக் காகிதமும் இல்லை. இது கம்பெனிக்கு இல்லை, உனக்கு.

உன்
பூனை

செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேயிலிருந்து உன் கடிதம் இல்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.

மூன்று நிமிடப் பாட்டு இங்கே எல்லா இடத்திலும் ஓடுகிறது. அப்பா பஸ்ஸில் போட்டுவிட்டு, "எம் பையன், எம் பையன்" என்று திரும்பித் திரும்பிச் சொல்கிறாராம். "ரோட்டப் பாத்து ஓட்டுங்கய்யா" என்று ஒரு பாட்டி திட்டினாராம். துணி கொடுக்க வருகிறவர்களும் முணுமுணுக்கிறார்கள். இங்கிருந்து போன சத்தம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. தடியனும் புதுச் சோம்பேறியும் இப்போது அந்தப் பாட்டு மாதிரியேதான், அடி பிசகாமல் ஓடுகிறார்கள். நான் துணியை வைத்துவிட்டு நிற்பதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது.

நேற்று மத்தியானம் அக்கா போனில் உன் பெயரைத் தேடினேன். தினமும் தேடுவேன். யாரோ ஒருவர் பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோ ஒன்று வந்தது. நல்ல வெயில். ஏதோ திறந்த வெளி. நாற்பது பேர்கூட இல்லை. நெருப்பு இல்லை, காகிதம் இல்லை.

மேசைக்குக் கீழே பார்த்தேன். ஒயர் தொங்கவில்லை.

தடியன் சத்தம் வந்தது. பின்னாலேயே பழைய சோம்பேறி. கடையில் ஆறு பேர் துணிக்காகக் காத்திருந்தார்கள். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு விரல் விட்டு நிமிடம் எண்ணத் தொடங்கினேன். நாலாவது நிமிடத்தில் நீ சொன்னது சரிதான், நிறையப் பேர் போனை எடுத்தார்கள். ஒருவர், "அந்தத் துள்ளுற பாட்டப் போடுப்பா!" என்று கத்தினார். அவருக்குத் தெரியாது, அதுதான் இது என்று. நீ நிமிரவில்லை. உன் இரண்டு கையும் கீழே வேலையில் இருந்தன. அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆறாவது நிமிடத்தில் அக்காவின் தும்மல். "அய்யோ, நானு!" என்று அக்கா துள்ளிக் குதித்தார். தன் தும்மல் அவ்வளவு தூரம் போனதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். ஹெட்ஃபோனின் ஒரு பக்கம் உன் காதில் இருந்தது. மறுபக்கத்தை வெளியே திருப்பி வைத்திருந்தாய். அங்கே யாரும் இல்லை.

ஏழாவது விரல். உன் உதடு அசைந்தது. கூட்டத்துச் சத்தத்தில் நீ சொன்னது கேட்கவில்லை.

அதனால் நான் சொன்னேன். "இப்போ!" என்று. சத்தமாக. கடையில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உன்
பூனை