உன் முழுப் பெயரைச் சொன்ன குரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு சரியில் என் பேச்சை முடித்துவிடுவாய். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. எங்கள் பல் செட் பட்டறைக்குப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது, அது செய்யும் பல்லைவிடப் போடும் சத்தம்தான் பெரிது. இதெல்லாம் கிடக்கட்டும். மாடி வீட்டு டெய்லர் மாமாவுக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உனக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த மனிதர், ஒருவரிடமும் கை நீட்டாதவர். ஓரம் அடிக்கும் மெஷின் ஒன்று பழுதாகிவிட்டது. பேங்குக்குப் போனால் அந்தத் தாள் கொண்டு வா, இந்தத் தாள் கொண்டு வா என்று அலையவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, போனிலேயே கடன் கொடுக்கிறார்களாம் என்று ஒரு செயலியை இறக்கியிருக்கிறார். அது கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம், சம்மதம் என்று அமுக்கியிருக்கிறார். போனில் இருக்கும் எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கும் அதே சம்மதம், படங்களைப் பார்க்கலாமா என்றதற்கும் அதே. தருவதாகச் சொன்ன பணத்தில் செலவு, சேவை என்று ஏதேதோ பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பினார்கள், ஆனால் திருப்பிக் கேட்டது முழுசாக, அதுவும் ஒரே வாரத்தில். மாதாமாதம் கட்டலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க வேறொன்று. வீட்டில் அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகுதான் ஆரம்பித்தது. அவர் போனில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். துணி கொடுத்தவர்கள், அத்தையின் அண்ணன், பள்ளி வேன் டிரைவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு நாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார், கீழே திருடன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து வெட்டியது அது, ஓரத்தில் உன் அம்மாவின் தோள் தெரிந்தது. மறுநாள் காலையில் அத்தை கீழே ஓடி வந்தாள். கடை திறந்து கிடக்கிறது, பாதி வெட்டிய துணி மேஜையில் கிடக்கிறது, மெஷின் மேல் அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, ஆளைக் காணோம். நானும் அத்தையின் அண்ணனும் தேடிக்கொண்டு போனோம். ரயில் நிலையத்தில், கடைசி பெஞ்சையும் தாண்டி ஆளில்லாத இடத்தில், பிளாட்பார விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். "கடன்கூடப் பெருசில்லண்ணே, யார்கிட்டயும் சொல்ல முடியாம இருந்ததுதான் தாங்கல" என்றார். அவரை எழுப்பி நடத்திக் கூட்டி வந்தோம்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். வந்த மிரட்டல் எதையும் அழிக்காதீர்கள், பயந்துகொண்டு இனி ஒரு காசு அனுப்பாதீர்கள், இவர்கள் உரிமம் வாங்கித் தொழில் செய்பவர்களே இல்லை என்றார்கள். அழைப்புகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. கடையைத் திறக்கிறார், ஆனால் பழைய ஆட்களில் பாதிப் பேர் எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள்.

இனி நமக்கு வந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பட்டறையில் கையெல்லாம் பல் அச்சு எடுக்கும் மாவாக இருந்தபோது போன் அடித்தது. பக்கத்து மேஜைக்காரர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். குரல் அத்தனை மரியாதையாக இருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். அப்புறம் உன் முழுப் பெயரைச் சொன்னான், சான்றிதழில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு. "உங்க பொண்ணு போன எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க பெரியவங்க, கொஞ்சம் சொல்லி வைங்க" என்றான். பட்டறையில் யாரும் தலை நிமிரவில்லை. டெய்லர் மாமா போனில் உன் எண் கிடையாது, உன் பெயர் அந்த வழியாக அவனிடம் போயிருக்க வழியே இல்லை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவளே சொல்லுவா, பொறுங்க" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

நீ வேலை செய்கிற கேக் கடையை முதலாளியம்மா விற்கப் போகிறார், நானே எடுத்து நடத்தலாமா என்று போன மாதம் கேட்டாய். கடன் வாங்குவது குற்றமில்லையம்மா. நானும் வாங்கியிருக்கிறேன், கட்டியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்துகிறவனிடம் வாங்காதே. கையில் எவ்வளவு வரும், மொத்தமாக எவ்வளவு போகும், ஒரு மாதம் தவறினால் என்ன செய்வார்கள் என்று கேள், வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு. வியாபாரம் படுத்துக்கிடக்கிற மாதத்தில் தவணை கட்ட முடியுமா என்று பார், நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதே. ஏற்கெனவே அவர்களிடம் வாங்கிவிட்டாய் என்றால், அதை அடைக்க இன்னொன்று மட்டும் வாங்கிவிடாதே. நீ வாங்கவே இல்லை என்றால் உன் பெயரில் யாரோ வாங்கியிருக்கிறார்கள், உடனே அங்கே போலீசில் புகார் கொடு. உனக்காக எங்கள் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குக் கடன் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறேன். இரண்டு மாதம் நான் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களையும் கேட்டேன், பதில் வரட்டும். நான் கோபித்துக்கொள்வேன் என்று பயப்படாதே. கோபப்படுவேன்தான், அது அரை நாள் இருக்கும்.

நீ தைரியமாக, எந்தக் குரலுக்கும் பயப்படாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு. இதை எழுதும்போதே போன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது, புது எண். அம்மா எடுக்கப் போனாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உன் எண்ணிலிருந்தே கூப்பிடு, வேலையில் இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அழைப்புக்குக் காத்திருக்கும்
அப்பா