வெயிலுக்கு ஒளிந்த கோழிப்பண்ணைக்காரருக்கு

ஏனுங்க, இன்றைக்கு மளிகைக்கடைக்குப் போகக் குடையை விரித்தேன். கோழித்தீவன வாசனை குப்பென்று அடித்தது. இத்தனை மாதமாகியும் குடையை விட்டு நீங்கள் போகவில்லை.

நாமக்கல்லிலிருந்து ஊர் ஊராக முட்டை அனுப்பிய மனிதருக்கு ஒரு முட்டைகூட உள்ளே இறங்கவில்லை. உணவுக்குழாயைப் புற்று அடைத்துக்கொண்டது. கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போனதும் உங்களைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றி ஊசியில் போடுவார்களாம். அது உடம்பில் சும்மா கிடக்குமாம். குழாய் விட்டுக் கட்டியின் மேல் சிவப்பு வெளிச்சம் காட்டினால்தான் வேலை செய்யுமாம். புதிதாகச் செய்து பார்க்கிற வைத்தியம். நோய் முழுதாகப் போகாது, வழி திறந்தால் சாப்பிடலாம். மிச்ச மருந்து தோலில் இருக்கும்வரை வெயில் பட்டால் கொப்பளித்துவிடும்.

கேட்டீர்களே ஒரு கேள்வி! "எங்க கோழிக்கும் லைட்டு போட்டாத்தானுங்க முட்டை. இதும் அதே கணக்குதானுங்களா?"

"கிட்டத்தட்ட அதேதாங்க ஐயா" என்று டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியது சித்திரை வெயிலில். குரங்குக் குல்லா, மழைக்கோட்டு, கையுறை, கறுப்புக் கண்ணாடி, மேலே நான் பிடித்த குடை. உங்களைப் பார்த்துப் பேருந்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதோடு விட்டீர்களா? கோழிக்கொட்டகைப் படுதாவைச் சன்னலுக்கெல்லாம் அடிக்கச் சொன்னீர்கள். பல்பையும் கழற்றிவிட்டீர்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த உங்கள் அக்கா, என் நங்கையா, இருட்டில் தவிட்டு மூட்டையைத் தடவி, "ஏஞ்சாமி, இப்பிடி வீங்கிப் போயிட்டியே!" என்று அழுதார். "நான் இங்க இருக்கறனுங்கக்கா" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தீர்கள்.

மறுபரிசோதனையில் இதைக் கேட்டு டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "வெயில்தாங்க ஆகாது. வீட்டு வெளிச்சம் வேணும். அதுதான் மிச்ச மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தீர்க்கும்."

எனக்கு வந்த ஆத்திரம்! "கோழிக்கெல்லாம் பல்பு, எனக்கு மட்டும் இருட்டா? முட்டி மோதியே என்ற முழங்காலு போச்சு!"

"உடு புள்ள, கரண்டு மிச்சம்" என்றீர்கள்.

அன்று மாலை, எரியும் பல்புக்கு அடியில், அரைவேக்காட்டில் ஒரு முட்டைக் கலக்கி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எறங்கிருச்சு புள்ள."

அழுகையை அடக்க முடியவில்லை. நீங்கள் அடுத்த வாயையும் விழுங்கிவிட்டு, "உப்பு பத்தல" என்றீர்கள். அழுதுகொண்டே கரண்டியை ஓங்கினேன்.

அடுத்த மாசி வரை சாப்பிட்டீர்கள். பிறகு நோய் வேறு வழியில் வந்தது.

வாசலில் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்ட உட்காரவைத்தபோது உச்சி வெயில். ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து பிடித்தேன். "இனி எதுக்கு சாமி கொடை?" என்றார் உங்கள் அக்கா. "தோலு கொப்பளிச்சுருமுங்க நங்கையா" என்றேன். அவரும் வந்து குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்றும் குடை தானாக வலப்பக்கம் சாய்கிறது. இடது தோள் கறுத்தே போய்விட்டது. மளிகைக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மா, கொடைய வெச்சுக்கிட்டுப் பாதி வெயில்ல வாரீங்க?"

"அவருக்கு வெயில் ஆகாதுங்க" என்றேன்.