கரடிக்கு ஐம்பது உயிர்

மார்ச் 3, ஞாயிறு

கரடி செத்துவிட்டது. இரண்டே சுற்றில்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் பகடை விளையாட்டுப் புத்தகத்தில் ஐம்பது பிராணிகள். அட்டைப்படத்தில் நிற்கப்போவது இந்தக் கரடிதான். இன்று சாப்பாட்டு மேஜையில் அண்ணன், அண்ணி, மாடிவீட்டுத் தபால்காரர் மூன்று பேரையும் உட்காரவைத்து விளையாடிப் பார்த்தேன். அண்ணன் கோடாலி வீரன், அண்ணி வில்லாளி, தபால்காரர் மந்திரவாதி. நான் கரடி. மேஜை சின்னது, பகடை உருண்டு கீழே விழுகிறது. அதனால் ஆளுக்கொரு டப்பா மூடியை மடியில் வைத்து அதில் உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன்.

கரடியின் காப்பு எண் 10. இருபது முகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் கரடிக்கு அடி. அடிபட அடிபட உயிர் குறையும்; கோடாலி அடிக்குப் பத்து, மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் குறைவு. 34 உயிர் கொடுத்திருந்தேன். ஒழுங்காக ஒருமுறை உறுமுவதற்குள் தீர்ந்துபோயிற்று.

"இது கரடியா, கரடி பொம்மையா?" என்றார் தபால்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் டீ கோப்பைகளைக் கழுவப் போனேன். நான்கு கோப்பை கழுவ அரை மணி நேரம் ஆகுமா? ஆயிற்று. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 5, செவ்வாய்

எட்டு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டவள் நான். ஒரு கரடி எப்போது சாகும் என்று சொல்லத் தெரியாதா?

அந்த வேலையை விட்டு ஏழு மாதம். வீட்டில் எல்லாரும் வறுத்தெடுத்தார்கள். அண்ணன் மட்டும்தான், "விட்டுத் தொலை, புத்தகத்தை எழுது" என்றான். பதிப்பகத்து அம்மா 25ஆம் தேதி வரை கெடு கொடுத்திருக்கிறார். கரடி சரியாக வராவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

உயிர் 50, காப்பு 13. தாளில் நூறு சண்டை போட்டுப் பார்த்தேன். ஐந்து சுற்றுக்குப் பக்கத்தில் போகிறது. அறுபத்தெட்டில் மனிதர்கள் ஜெயிக்கிறார்கள். அப்பாடா.

மார்ச் 10, ஞாயிறு

மூன்று பேரும் செத்துவிட்டார்கள். கரடி நன்றாக இருக்கிறது.

மார்ச் 11

கணக்கு சரி. மூன்று தடவை பார்த்துவிட்டேன். அப்புறம் ஏன்?

மார்ச் 13, புதன்

காப்பை 11 ஆக்கினேன். இப்போது அடிப்பது சுலபம்.

பதிப்பகத்து அம்மா போன் பண்ணினார். "என்னம்மா, கரடி என்ன ஆச்சு?" நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்றேன். வாய் கூசவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மறுபடியும் மூன்று பேரும் காலி! காப்பைக் குறைத்தேனே — குறைத்த பிறகும் எப்படி? இதே ஆட்கள் அரை மணி நேரம் முன்னால் நாலு ஓநாய்களை ஓட ஓட விரட்டினார்கள்.

"செத்துச் செத்து அலுத்துப்போச்சு. அடுத்த வாரம் நான் வேற வேலை பார்க்கப் போறேன்" என்றாள் அண்ணி. ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க நர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து இங்கேயும் சாக வேண்டுமா என்றாள். நியாயம்தானே.

அண்ணனுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. "இதுதாண்டி கரடி! கை வைக்காதே, அப்படியே அச்சுக்கு அனுப்பிடு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கா?

மார்ச் 20, புதன்

விழுந்த எண்களை எல்லாம் ஆள்வாரியாகப் பிரித்து எழுதினேன். அண்ணி சரி. தபால்காரர் சரி. அண்ணன் —

காப்பு 13 என்று சொன்ன வாரம் அவனுக்குப் 12க்கு மேல் ஒன்றுகூட விழவில்லை. 11 என்று சொன்ன வாரம் 10க்கு மேல் விழவில்லை. ஓநாய்க்கு மட்டும் 18, 16, 20 என்று கொட்டியிருக்கிறது. பகடைக்குக் கரடி என்று தெரியுமா?

பொய் சொல்லியிருக்கிறான். மடியில் மூடியை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து.

ஏன்? புத்தகம் வரக்கூடாதா? வேலையை விடச் சொன்னவனே அவன்தானே. கூடவே இருந்து குழி பறிக்கிறானா? சே, அண்ணனைப் பற்றி இப்படி எழுதுகிறேனே. ஆனால் வேறு என்ன நினைப்பது?

மார்ச் 21, வியாழன்

அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். யாருடைய பிரேமுக்கோ ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"பகடையில பொய் சொல்றியா?"

ஸ்க்ரூ விழுந்துவிட்டது. மேஜைக்கு அடியில் போய்த் தேடினான். அங்கிருந்தே பேசினான்.

"முதல் நாள் நீ குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் பார்த்தேன். கரடி செத்ததுக்கு இப்படி அழறாளேன்னு… சரி, இனிமே சாகவே விடக்கூடாதுன்னு…"

"அட லூசு! அது சாகணும். கஷ்டப்பட்டு சாகணும். அதுதான் விளையாட்டு."

"எனக்கெப்படித் தெரியும்? நான் சொல்லித்தானே வேலையை விட்ட. இதுவும் போச்சுன்னா உன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

வழியெல்லாம் நன்றாகத் திட்ட வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். நானும் குனிந்து தேடினேன். ஸ்க்ரூவை நான்தான் கண்டுபிடித்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

கடைசித் தடவை என்று கெஞ்சியதில் அண்ணியும் வந்துவிட்டாள். மேஜை நடுவில் பெரிய தாம்பாளம். எல்லாரும் எல்லார் கண் முன்னாலும் அதில்தான் உருட்ட வேண்டும். உயிர் 50, காப்பு 13 — என் பழைய கணக்கு.

ஐந்தாம் சுற்றில் தபால்காரர் செத்து, பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டார். அண்ணிக்கு இரண்டு உயிர் பாக்கி. கரடிக்கு ஆறு. அண்ணன் முறை. உருட்டாமல் என்னையே பார்த்தான்.

"என் மூஞ்சியில என்ன இருக்கு? உருட்டு."

உருட்டினான். தாம்பாளத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. "பதினேழு" என்றான், மன்னிப்புக் கேட்பது போல.

கரடி விழுந்தது. அண்ணி எழுந்து நின்று கத்தினாள். "நான் செத்துட்டேன், இருந்தாலும் பயமா இருந்துச்சும்மா" என்றார் தபால்காரர்.

மார்ச் 25

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 27, புதன்

பதிப்பகத்து அம்மாவின் போன். "எங்க ஆபீஸ்ல உன் கரடிகிட்ட ரெண்டு தடவை தோத்துட்டு மூணாவது தடவை ஜெயிச்சோம். அச்சுக்குப் போகுது."

சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அண்ணி கட்டிக்கொண்டாள். அண்ணன், "ஓ, சரி சரி" என்று மட்டும் சொன்னான். டீ குடித்து முடித்ததும் கோப்பைகளைத் தானே கழுவுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றே கோப்பை. அரை மணி நேரம் ஆயிற்று. குழாய் நன்றாகத் திறந்திருந்தது. நான் உள்ளே போகவில்லை.