ஊசிக்குப் பத்து நாள் முந்தி

அக்கரப்பத்தனை
18.06.2023

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா எழுதுவது. கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் நானும் இருக்கிறோம்.

போனில் கேட்டபோது, நஷ்டஈட்டு மனு விசாரணை முடிந்தது என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

விசாரணை நடந்த ஆபீசில் அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனோம். கொரோனா ஊசி போட்ட நாலாம் நாள் கால் மரத்துப்போனதையும், அதோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவது நின்றதையும் நீ மனுவில் எழுதியபடியே சொன்னேன். தமிழ் தெரிந்த ஒரு நரம்பு டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அதற்கு முந்தி ஏதும் நோய் இருந்ததா என்றார். இல்லை என்றேன். உன்னையும் அப்படித்தானே எழுதச் சொன்னேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பி, வயிற்றோட்டம்கூட இல்லையா என்று கேட்டார்.

“அது போச்சுங்க. ஊசிக்குப் பத்து நாள் முந்தி. லயத்துல எல்லா வீட்டுலயுந்தான் போச்சு” என்றாள் அம்மா.

நான் பொய் சொல்லவில்லை மகளே. மழைக்காலத்தில் வயிற்றால் போவதை நாம் என்றைக்கு நோய் என்று நினைத்தோம்?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கெட்ட தண்ணீரால் வரும் வயிற்றோட்டத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படிக் கால் விழுந்துவிடுமாம். இரண்டு வருடம் கழித்து அதையும் நிரூபிக்க முடியாதாம். ஊசிக்குப் பிறகு வந்தது சரி, ஊசியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். மனு தள்ளுபடி.

எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். லயத்துத் தொட்டித் தண்ணீர் என்றாள் அம்மா. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊசி போட்ட அந்த மாதம் மண் சரிந்து தொட்டிக்கு வரும் குழாய் உடைந்திருந்தது. தோட்டத்து ஆபீசில் சொல்லியும் ஒரு வாரமாக ஆள் வரவில்லை. அம்மா குடம் தூக்கி ஏறி இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து ஓடையிலிருந்து தொட்டிக்குக் குழாய் இழுத்தது நான்தான். மேல் லயத்துக் கக்கூஸ்களைத் தாண்டி வருகிற ஓடை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து ஆள்தான் சரிசெய்தான் என்று அம்மா இன்றும் நினைக்கிறாள்.

திரும்பி வரும்போது வேனில் அம்மா என் தோளைத் தட்டி, “நீங்க மனச விட்றாதீங்க. எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். லீவு கேட்டு ஒரு நாள் வந்துவிட்டுப் போ தாயே. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரு.

உன் அப்பா
சோலைமலை