குழிமேட்டுக்கு உங்களைக் கூப்பிடவில்லை

ஜமுனாமரத்தூர்,
14-3-1983

அன்புள்ள மாமாவுக்கு,

மங்கம்மாள் எழுதுகிறேன். நானும் செந்தாமரையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தை நர்ஸ் சகுந்தலா அம்மா பெயருக்கு அனுப்புகிறேன். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் படிக்க வேண்டும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது. நம் மரம் இரண்டையும் உங்கள் தம்பி கோபால்சாமிதான் ஏறி உலுக்கினான். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலை என்று செந்தாமரை சொல்கிறாள். அது பொய் இல்லை என்பதால் தயங்காமல் சொல்கிறாள்.

எதை எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா போய்விட்டார். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. நெஞ்சில் சளி கட்டி ஐந்து நாள் படுத்திருந்தார். ஊசி போட்டும் கேட்கவில்லை. போளூருக்குப் போய் உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கோபால்சாமி கிளம்பினான். நான்தான் மறித்து வேண்டாம் என்றேன்.

அவர் உங்களைக் கேட்டார். "இன்னாம்மா, பெரியவன் வர்றானா?" என்றார். "பஸ் ஏறிட்டாராம், வந்துகினே இருக்காரு" என்றேன். நான்கு நாளும் அதையேதான் சொன்னேன். கடைசி நாள் அவர் கேட்கவில்லை. வாசல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். நம் பங்காளிகள் வழக்கப்படி மூன்றாம் நாள் புதைத்த இடத்தில், குழிமேட்டில் சாராயம் ஊற்றி, அதே கிண்ணத்தில் மூத்த மகன் முதல் வாய் குடிக்க வேண்டும். அவன் குடிக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஊரே சுற்றி நிற்கும்போது மாட்டேன் என்று சொல்வீர்களா? அப்பாவுக்காக ஒரே ஒரு வாய் என்பீர்கள்.

போன வருஷம் நானே அந்தத் தப்பைச் செய்தேனே. ஏழு மாதம் தொடாமல் இருந்தீர்கள். வேடியப்பன் சாமி பொங்கலில் படைத்த சாராயக் கிண்ணத்தை என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். சாமிக்குப் படைத்துவிட்டால் அது பிரசாதம், குடி ஆகாது என்று நினைத்தேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். "சாமி குத்தம் ஆய்டும், வாங்கிக்கோங்க" என்று வற்புறுத்தினேன். அந்த வாரம் முடிவதற்குள் சாராயக்கடை வாசலில் கிடந்தீர்கள். அப்புறம் ரத்த வாந்தி. "இன்னொரு தடவை குடிச்சா தாங்காதும்மா. சாமி கொடுத்ததா, கடையில வாங்கினதான்னு ஈரலுக்குத் தெரியாது" என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த நாளிலிருந்து என்னை நான் மன்னிக்கவில்லை.

கிண்ணத்தைக் கோபால்சாமி வாங்கினான். "மூத்தவன் உசுரோட இருக்கச்சொல்ல சின்னவன் குடிக்கறது இன்னா நியாயம்?" என்று ஊர்க்கவுண்டர் எழுந்து போய்விட்டார். உங்கள் அத்தை பெரியம்மாள் என்னோடு பேசுவதில்லை. தண்ணீருக்குப் போனால் பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அப்பாவிடம் சொன்ன பொய்தான் என்னைச் சாப்பிட விடவில்லை.

உங்களோடு சாராயக்கடைக்கு வருவானே, அந்த ராஜாக்கண்ணு அடுத்த வாரம் உங்களைப் பார்க்க வருகிறானாம். துக்கம் கேட்க அவன் வெறுங்கையோடு வரமாட்டான். அவன் வாயால் கேட்பதற்கு முன்னால் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை அவசரமாக எழுதுகிறேன். அவன் வந்தால் சகுந்தலா அம்மாவைக் கூப்பிடுங்கள்.

அழுங்கள் மாமா. யார் பார்த்தாலும் வெட்கப்படாமல் அழுங்கள். ஆனால் பஸ் ஏறாதீர்கள். குடியை மறக்க அங்கேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முடியட்டும். அதற்குப் பிறகு குழிமேட்டுக்கு நாமே போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம். யார் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்பேன்.

கோபத்தையெல்லாம் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பன் முகத்தைப் பார்க்க விடாத பாவி என்று எழுதுங்கள். உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றுகூட எழுதுங்கள். ஒரு வார்த்தையும் தப்பென்று சொல்லமாட்டேன். அந்த எழுத்து மட்டும் நடுங்காத கையால் எழுதியதாக இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகத் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மங்கம்மாள்