வலது ஸ்பீக்கரின் முடிச்சு

போன வாரம் பெய்த மழையில் எங்கள் மொட்டை மாடியின் வலது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. வருகிறவன் நல்ல வயரையும் கெட்டது என்று சொல்லி மாற்றிவிட்டுப் போவான். நானே போய், படிக்கட்டு அறைச் சுவரில் நீங்கள் பொருத்திய பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நீங்கள் சுற்றிய கறுப்பு டேப் இளகி விரலில் பிசுபிசுத்தது. அந்தப் பசையின் வாசனை உங்கள் லேபின் வாசனை. ஒன்பது வருடமாக நான் நினைக்க விரும்பாத உங்களை அது நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, சார். சாவுக்கு நான் வந்தேன். பந்தலுக்கு வெளியிலேயே நின்று, என்னைப் பார்த்து யார் யார் குசுகுசுக்கிறார்கள் என்று கவனித்துவிட்டுத் திரும்பினேன்.

பீர்க்கன்கரணையில் இந்த வீட்டைக் கட்டி முடித்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வீட்டுப் பிரதிஷ்டை அன்று மொட்டை மாடியில் என் அப்பாவின் குரலில் ஜெபம் ஒலிக்க வேண்டும். அவர் சாவதற்கு முன் கேசட்டில் பதிந்துவைத்த ஜெபம் அது. வெயிலும் மழையும் தாங்கும் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவந்தேன். பிரித்துப் பார்த்தால் கரண்ட் வயரே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இது பாசிவ் ஸ்பீக்கர், வாத்தியாரே. இதுக்குன்னு சொந்தமா ஒண்ணும் கிடையாது. ஹால்ல இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அனுப்புறதை வாங்கிச் சொல்லும், அவ்ளோதான்."

நான் கணக்கு வாத்தியார், நீங்கள் எலக்ட்ரானிக்ஸ். கல்லூரியில் துணை முதல்வர் பதவி காலியான வருடம் அது. பேச்சில் அடிபட்ட பெயர்கள் உங்களுடையதும் என்னுடையதும். அப்படி இருக்கும்போது நீங்களாக வந்து வயர் இழுத்துத் தருகிறேன் என்றது எனக்கு அன்றைக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சரி என்றேன்.

பிரதிஷ்டையன்று காலையில் ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, எது சிவப்பு என்று காட்டுங்கள் என என் மனைவியைக் கேட்டீர்கள். அவள் காட்டிய வயரில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டீர்கள். பிறகு மாடிக்குப் போனீர்கள். நான் கீழே நாற்காலி இறக்குகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வயரை நீங்கள் மாட்டி முடிப்பதற்குள் போதகரும் நம் கல்லூரி முதல்வரும் வந்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

ஜெபம் ஆரம்பித்தது. நடுவரிசையில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில், அம்மாவை உட்கார வைத்திருந்தேன். நல்ல இடம் என்று நானே தேர்ந்தெடுத்தது. அங்கேதான் குரல் இல்லாமல் போனது. கனம் எல்லாம் வடிந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல மெலிசாக எதுவோ வந்தது. அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டி, "இது அவரு இல்லடா" என்றாள்.

ஜெபம் முடிவதற்குள் நீங்கள் இரண்டு முறை எழுந்து வலது ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தீர்கள். அதை நான் பார்த்தேன். மனதில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வீடியோ ஒன்றைப் பார்த்து ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றினேன். மனைவி ஹாலில் ஒரு டார்ச் செல்லை வயர்களில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளியது; வலதில் உள்ளே போனது. ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒன்று தள்ள, மற்றொன்று இழுக்க, நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஹாலில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் வலது ஜோடியை மாற்றிச் சொருகினேன். அப்பா திரும்ப வந்தார். நாற்காலிகள் போய்விட்டிருந்தன. அம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், எல்லோரும் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

"எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறவருக்கு ரெட் எது பிளாக் எதுன்னுகூடத் தெரியாதா சார்? இல்ல, தெரிஞ்சே பண்ணீங்களா?"

உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. திருட்டு பிடிபட்ட முகம் என்றுதான் நினைத்தேன்.

"தப்பாயிடுச்சு வாத்தியாரே. விடுங்க" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அதன்பின் எட்டு வருடம் ஒரே அறை, ஒரே பஸ். ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதவி உங்களுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இப்போது பெட்டிக்குள் பார்க்கிறேன். ஒவ்வொரு துண்டு வயரின் முனையிலும் ஒரு முடிச்சு, எல்லாம் சிவப்பில். உங்கள் அலட்டல் என்று முன்பு நினைத்த அதே முடிச்சுதான். வலது ஸ்பீக்கருக்குப் போகும் துண்டிலும் பெட்டிக்குள் முடிச்சு சிவப்பில் இருந்தது. ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரின் பின்மூடியைத் திறந்தேன். அதே துண்டின் மறுமுனையில் முடிச்சு கறுப்பில் இருந்தது.

ஏணியிலேயே நின்றேன். கெடுக்க நினைப்பவன் வயரை மாற்றுவான், முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். நிறம் தெரிகிறவனுக்கோ முடிச்சே தேவையில்லை. பெட்டி வரை எது சிவப்பு என்று காட்ட யாராவது இருந்திருக்க வேண்டும்; இங்கே ஏணியில் நீங்கள் தனியாக.

அப்போதும் நான் நம்பிவிடவில்லை. லேபில் ரெசிஸ்டரின் நிற வளையங்களை எப்போதும் மாணவர்களையே உரக்கப் படிக்கச் சொல்வீர்கள். அதை நான் சோம்பேறித்தனம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் பையை விரித்துக்கொண்டு, "தக்காளி நீங்க பொறுக்குங்க வாத்தியாரே" என்பீர்கள். என்னை எடுபிடியாக்குகிறார் என்று வீட்டில் வந்து பொருமியிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் அக்காவுக்கு, உங்கள் மனைவிக்கு, போன் செய்தேன். சாருக்கு நிறம் தெரியாதா என்று நேராகக் கேட்டேன்.

"ஆமா சார். அவருக்கு சிவப்பு தெரியாது, கறுப்பாத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்தப்ப மறைச்சாரு, அப்புறம் சொல்லவே முடியல."

அக்கா, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் சொல்லுங்கன்னேன் சார். 'ஆள் நல்லவருதான், ஆனா கையில பேப்பர் கிடைச்சா எழுதிடுவாரு'ன்னாரு."

போனை வைத்துவிட்டு நான்கு நாள் அந்த வாக்கியத்தின் மேல் கோபமாக இருக்க முயன்றேன். இத்தனை வருடம் பழகிய என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அக்காவாகச் சேர்த்துச் சொன்னதோ என்றும் யோசித்தேன். ஆனால் ஒன்று என்னைத் தடுக்கிறது, சார். அந்த வருடம் எனக்கு இது தெரிந்திருந்தால் நான் முதல்வருக்கு எழுதியிருக்கக்கூடிய மனுவின் முதல் வரி, தேடாமலே என் நாக்கில் வந்து நிற்கிறது: 'ஆய்வகத்தில் மாணவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, கனத்த மனதுடன் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவது.' கனத்த மனதுடன் என்றுகூட இருக்கிறது.

மழையில் வயர் முனைகளில் ஏறியிருந்த களிம்பைச் சுரண்டி, புது டேப் சுற்றிவிட்டேன். கறுப்பில் இருக்கும் உங்கள் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஹாலில் நான் மாற்றிச் சொருகியதும் அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இப்போது சரியாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்து அப்பாவின் ஜெபத்தைக் கேட்டேன். குரல் நெஞ்சுக்கு நேராக, கனத்தோடு வந்தது. கேட்க வைக்க அம்மா உயிரோடு இல்லை. உங்களுக்குச் சொல்ல நீங்களும் இல்லை. அந்த மனுவின் வரி மட்டும் இருக்கிறது. ஒரு சொல்லும் மாறாமல், கையெழுத்துக்குக் காத்திருப்பதுபோல.