வாப்பாவின் நெஞ்சுக்குப் போன பூச்சி

நிந்தவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜுனைட்டுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள், கால் வீக்கம் வற்றிவிட்டது, யாரையும் பிடிக்காமல் கிணற்றடி வரை நடந்து போய்த் தொழுகைக்கு வுழூச் செய்கிறார், நானும் சுகமாக இருக்கிறேன், தோஹாவில் உன் உடம்பும் வேலையும் சீராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். குரல் பதிந்து அனுப்பலாம்தான், ஆனால் இந்த வீட்டில் கைருன்னிஸா மாமியின் காதுக்குத் தெரியாமல் எதையும் பதிய முடியாது, அதோடு நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நீ சின்னப் பிள்ளையாக என் இடுப்பில் இருந்த காலத்திலிருந்தே உனக்குத் தெரிந்த விஷயம். நம் குடும்பத்திலிருந்து முதலில் கம்பஸ் போனவள் என்று பெயர், நாலு வருஷம் படித்தும் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை. எழுதுவதென்றால் பயமில்லை. அச்சிமுகம்மது காக்காவின் மருமகன் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதையும் கொஞ்சம் தொதலும் கொடுத்து விடுகிறேன்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக றஸாக் சாச்சாவிடம் நீ சொன்னாயாம். "என்னாலதான் வாப்பாக்கு இப்பிடி ஆன" என்று போனில் அழுதாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. உன்னால் ஆகவில்லை மகன். எப்படி ஆனது என்பதை நான் கண்ணால் கண்டபடி எழுதுகிறேன், பொறுமையாக வாசி. உன் உம்மா, என் ராத்தா, மௌத்தாகி ஒரு வருஷத்தில் வாப்பா என்னை நிக்காஹ் செய்தார், சாச்சியாக இருந்தவள் உம்மாவின் அறைக்கு வந்தது உனக்குப் பிடிக்கவில்லை, போன வருஷம் வாப்பாவோடு வாய்த்தர்க்கப்பட்டு ஸலாம் சொல்லாமலே பிளேன் ஏறினாய், இது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அதனால் ஜும்ஆ முடிந்து வரும் வழியில் வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது காரணத்தை யாரும் தேடவில்லை, கையில் தயாராக இருந்தது. வார்ட்டில் டொக்டர் கேதீஸ்வரி என்ன நடந்தது என்று கேட்டதும் றஸாக் சாச்சா, "மகன் போன கவல டொக்டர், வேறொண்டுமில்ல" என்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் போன நாள்ல இருந்து எண்ட தம்பி ஒழுங்காத் திண்டதுமில்ல" என்றார். தினமும் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு, சோறு போட்ட நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நாளங்களில் அடைப்பு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஸ்கேனில் இதயச் சுவர் வீங்கியிருந்தது, அடிக்க வேண்டிய அளவில் பாதிதான் அடித்தது. இரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு பல மடங்கு கூடியிருப்பதைக் கண்ட டொக்டர் மறுநாள் வந்து, "வீட்டில நாய், பூனை இருக்கா, பச்சையா ஏதும் சாப்பிடுறவரா, உடம்பு கடிக்குது எண்டு சொன்னவரா" என்று கேட்டார். றஸாக் சாச்சாவுக்கு ரோசம் வந்துவிட்டது, "நாங்க சுத்தமான ஆக்கள் டொக்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். எனக்குத் தெரிந்ததோ வேறு. மூன்று மாதமாக வாப்பாவுக்கு வறட்டு இருமல், முழங்கைக்கு மேலே தடித்துத் தடித்து எழும்பும், சொறிவார், வேலை செய்யும் மில்லில் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று நின்று நின்று ஏறுவார். பிறகு அந்த வல்லாரைப் பாத்தி. பின்வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் நான் போட்ட பாத்தி உனக்கு ஞாபகம் இருக்கும், உரமாகட்டும் என்று மீன் கழுவும் தண்ணீரை அதில்தான் ஊற்றுவேன். மண் இளகி மீன் வாசமும் அடித்தால் பூனைகளுக்கு வேறென்ன வேண்டும், சந்தைப் பக்கத்துப் பூனையெல்லாம் வந்து தோண்டி வெளிக்கிருந்து மூடிவிட்டுப் போகும். வாப்பா விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அதில் ஒரு பிடி கிள்ளி வாளித் தண்ணீரில் ஒரு தரம் முக்கிச் சம்பலுக்குத் தருவார், பாதி அவர் வாயில் அங்கேயே போய்விடும். நான் வெளி விறாந்தைக்குப் போய், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடப் பாடக்குறிப்புக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இத்தனையும் எழுதி நேர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் டொக்டர் அந்தத் தாளோடு வந்து, "இத எழுதினது யார்" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். "கதைக்காட்டியும் பரவாயில்ல, இப்பிடியே எழுதித் தாங்க" என்று சிரித்தார். இரத்தம் கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. பூனையின் வயிற்றில் இருக்கும் ஒரு புழு, அதன் முட்டை மண்ணோடு கலந்து கீரையில் ஒட்டி மனிதருக்குள் போனால் அங்கே அது பெரிதாக வளராதாம், குஞ்சாகவே ஈரல், நுரையீரல் என்று அலையுமாம், மிக அரிதாக இதயத்துக்கும் போகுமாம். வாப்பாவுக்குப் போயிருக்கிறது. பூச்சிக்கு ஒரு குளிசை, வீக்கத்துக்கு ஒரு குளிசை, இரண்டும் தொடங்கி மூன்றாம் வாரம் ஸ்கேன் எடுத்தபோது இதயம் முன்னையைவிட நன்றாக அடிப்பதை டொக்டர் திரையில் எனக்குக் காட்டினார். இன்னும் முழுக்கச் சுகமில்லை, ஆறு மாதம் பாரம் தூக்கக் கூடாது, ஆனால் பயப்படும் கட்டம் தாண்டிவிட்டது.

இந்த உண்மை உனக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பாய். வாப்பா சொல்ல விடவில்லை. பூச்சி என்றதும் முகம் சுண்டிப் போய், "கவலயெண்டா ஆம்பிளைக்கு ஒரு மரியாத இரிக்கி, பூச்சியெண்டா சனம் சிரிக்கும், கவலயாவே இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தக் கவலையைக் கேட்டுப் போய் உனக்குப் போன் எடுத்தார்கள். கவலை என்றால் நீ வருவாய் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது என்று நினைக்கிறேன், அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். நீ வேலையை விடுகிறாய் என்று தெரிந்த அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், மாமி உன்னை ஏசிக்கொண்டிருந்தார், எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, "அவனில ஒரு பிழையுமில்ல, கவலயுமில்ல, பூனைப் பூச்சி, பாத்தி நான் போட்டது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு மாமி, "படிச்ச புள்ளயெண்டு கொண்டு வந்தம், புருஷனுக்குப் பூனப்பீயில சம்பல் போட்டுக் குடுத்திரிக்கா" என்றார், இப்போது சந்தையடி வரை அந்தப் பேச்சுத்தான். வாப்பா மட்டும் அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "நான்தானே கேட்டுக் கேட்டுத் திண்டன், அவள ஏசாதீங்க" என்றார். பாத்தியை றஸாக் சாச்சா வந்து கொத்திப் புரட்டிவிட்டார், நான் தடுக்கவில்லை.

ஆகவே மகன், குற்றவாளி போல வேலையை விட்டு வராதே, விலகல் கடிதம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேள். உன்னைக் காண வாப்பாவுக்கு ஆசையில்லை என்று பொய் எழுத மாட்டேன், லீவு கிடைக்கும் நேரம் சந்தோஷமாக வா. வாப்பாவோடு கதைக்கும்போது பூச்சிக் கதையை நீயாக எடுக்காதே, கவலை என்று அவர் சொன்னால் ஓம் என்று கேட்டுக்கொள். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீரைக் குறைக்காதே. நான் எழுதத் தயங்கிக் கடைசிக்கு விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாத்திக் கீரையை நீயும் ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கிறாய். என்னோடு கதைக்காத நாட்களிலும் அந்தச் சம்பலை மட்டும் வேண்டாம் என்று நீ தள்ளியதில்லை, அது எனக்கு அப்போது பெரிய சந்தோஷமாக இருந்தது. வீட்டில் சாப்பிட்ட எல்லோரும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர், அந்த வெள்ளை அணு எனக்கும் கொஞ்சம் கூடியிருந்து குளிசை குடித்தேன், ஒன்றுமில்லை. உனக்கு என்ன சோதனை செய்ய வேண்டும் என்பதை டொக்டரே இங்கிலீசில் எழுதித் தந்த துண்டு இதோடு இருக்கிறது, கம்பெனி கிளினிக்கில் காட்டு. முடிவு வந்ததும் எனக்கு ஒரு சொல்லாவது அனுப்பு. என்னோடு உள்ள கோபத்தை அதற்குப் பிறகு எவ்வளவு காலமும் வைத்துக்கொள், நான் பொறுத்திருப்பேன்.

அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் காத்து, நல்ல முகத்தோடு உன்னை இந்த வாசலுக்குக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன் சாச்சி,
பஸ்மினா

துண்டை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடாதே. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.